மாடு விற்கப் போகிறீர்களா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாடு கன்று வைத்திருக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். கறிக்கு மாடு வளர்க்கலாமா, எந்த இனம் தோது, ஓய்ந்த மாட்டுக்கு நியாயமான விலை கிடைக்குமா என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. எங்கள் கொட்டகையில் 2 உம்பளச்சேரி நாட்டு மாடும் 3 ஜெர்சிக் கலப்பு மாடும் நிற்கின்றன. இப்போதெல்லாம் அளவு டேப் இல்லாமல் நான் மாடு விற்பதில்லை. டேப் வாங்குவதற்கு முன்னால் விற்ற கதையும் கீழே வரும்.

கறிக்கென்று தனி மாட்டினம் நம் ஊரில் உண்டா?

கிடையாது. ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு என்று இணையத்தில் பார்க்கும் கட்டைக்கால், பீப்பாய் உடம்பு மாடுகள் பிரிட்டனில் கறிக்காகவே பொறுக்கி வளர்த்தவை. நம் மாடுகளை நம் பாட்டன்மார் உழவுக்கும் வண்டிக்கும் பொறுக்கினார்கள். காலும் தோளும் பலமாக இருக்கும், பின்தொடையில் சதை அவ்வளவாக இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், பிரேசிலில் இன்று கறிக்கு வளர்க்கும் மாடுகளில் பெரும்பங்கு நெலோர் என்ற இனம். அந்தப் பெயர் நம் பக்கத்து ஆந்திராவின் நெல்லூரிலிருந்து போனது. ஓங்கோல் மாட்டைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே கறி மாடாக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவின் பிராமன் மாட்டிலும் குஜராத்தின் கிர், காங்கிரேஜ், நம் ஓங்கோல் எல்லாவற்றின் ரத்தமும் உண்டு. மாடு நம்முடையது, கறித்தொழில் அவர்களுடையது.

டெல்டாவில் அடிமாடு என்று வியாபாரி ஏற்றிப் போவது பெரும்பாலும் ஓய்ந்த உழவு மாடு, வண்டி மாடு, கால் ஒடிந்தது, கிழ எருமை. இவை எல்லாமே வேறு வேலைக்கு வாங்கி, வேலை முடிந்த பிறகு விலைக்குப் போகிறவை. அதனால் "எந்த இனம் வாங்கலாம்" என்று கேட்கும்போதே, கடைசியில் அதை என்ன விலைக்குக் கொடுப்போம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

காளைக் கன்றுகளை வாங்கி 2 வருடம் வளர்த்துக் கறிக்குக் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் இது கணக்குக்கும் வராது, சட்டத்துக்கும் வராது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டை அறுக்க வேண்டுமென்றால் முதலில் தகுதிச் சான்று வேண்டும். 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் காயம், ஊனம், தீராத நோய் இவற்றால் நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். எருமையும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பசுவை அறுப்பதை 1976இல் அரசாணை போட்டுத் தனியாகத் தடுத்துவிட்டார்கள்.

ஆகவே 2 வயதுக் காளையைக் கொழுக்க வைத்துக் கறிக்கு அனுப்பும் பண்ணை என்று யாராவது திட்டம் சொல்லிப் பணம் கேட்டால், இந்தச் சட்டத்தைத் தெரிந்துதான் பேசுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கறிக்கென்றே வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஆடு இருக்கிறது. அது வேறு கதை.

சரி, எந்த இனம்தான் டெல்டாவுக்குத் தோது?

நான் 3 விஷயம் பார்ப்பேன். சேற்றில் நிற்குமா, வைக்கோலில் உடம்பு தேறுமா, ஓய்ந்த பிறகு எடை நிற்குமா.

உம்பளச்சேரி முதல் இரண்டிலும் தேறிவிடும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரிதான் பெயர் கொடுத்த ஊர். ஜாதி மாடு, மொட்டை மாடு, தெற்கத்தி மாடு, தஞ்சாவூர் மாடு என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கொம்பைச் சுட்டுவிடும் வழக்கத்தால் மொட்டை. குட்டைக் கால், சின்னக் குளம்பு. முழங்கால் சேற்றிலும் சளைக்காமல் இழுக்கும். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்து உவர் நிலப் புல்லையும் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். பால் எதிர்பார்க்கக் கூடாது, நாளுக்கு 2 லிட்டர், 3 லிட்டர் கொடுத்தால் பெரிது. டிராக்டர் வந்த பிறகு ஜோடி மாட்டுக்கு வேலை போய்விட்டது. அதனால் உழவு மாடாக விற்கும் சந்தை சுருங்கிவிட்டது. ஆனால் நல்ல லட்சணத்தோடு இருக்கும் காளைக்கு இனவிருத்திக்கென்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எடை பார்த்து விலை பேசுவதில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கொருக்கையில் இருக்கும் அரசு கால்நடைப் பண்ணையில் இந்த இனத்தை வைத்துக் காப்பாற்றிவருகிறார்கள். லட்சணம் என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அங்கே ஒருமுறை போய்வாருங்கள்.

ஜெர்சிக் கலப்பு இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. தீனி அளவானது, பால் பரவாயில்லை, உடம்பு நடுத்தரம். வற்றி, கழியும்போது கிடைக்கும் எடை உம்பளச்சேரியைவிடப் பெரிய வித்தியாசமில்லை.

ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, அதாவது கருப்பு வெள்ளை மாடு, உடம்பு பெருத்தது. பார்த்தால் எடை ஆசை காட்டும். ஆனால் ஐப்பசி கார்த்திகைச் சேற்றில் அதற்குக் குளம்பு அழுகும், சித்திரை வெயிலில் மூச்சு இரைக்கும். பசுந்தீவனமும் காற்றோட்டமான கொட்டகையும் உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வைக்கோலை நம்பி வாங்காதீர்கள்.

காங்கேயம் அழகான மாடு, காய்ந்த மண்ணின் மாடு. பழனிப் பக்கம் சந்தையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, முதல் மழைக்காலத்திலேயே வாங்கிய விலைக்குக் கீழே கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

எருமை வாய்க்கால் கரையில் உள்ளவர்களுக்கு நல்லது. முரட்டுத் தீனியை நன்றாக மாற்றிக்கொள்ளும், பால் கெட்டி. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மாட்டிறைச்சி என்பது சட்டப்படி எருமைக் கறி மட்டும்தான். அதனால் கிழ எருமைக்கு வெளிச் சந்தையில் கிராக்கி ஓரளவு நிலையாக இருக்கும்.

உம்பளச்சேரிப் பசு சிவப்புக் கன்று போட்டிருக்கிறது. கலந்துவிட்டதா?

இல்லை. அந்த இனத்தின் கன்று சிவப்பாகவோ பழுப்பாகவோதான் பிறக்கும். நெற்றியில் நட்சத்திரம், காலில் வெள்ளை, வால் குஞ்சம் வெள்ளை. 6 மாதம், 8 மாதத்தில் சாம்பல் நிறம் ஏறும். "கலப்புக் கன்று" என்று சொல்லி விலையைக் குறைக்கும் தரகருக்கும் இது தெரியும்.

கலப்புப் பசு காளைக் கன்று போட்டால் என்ன செய்வது?

எல்லாருக்கும் உள்ள தலைவலி. பாலைக் கன்றுக்கு விட்டால் நஷ்டம், விடாவிட்டால் கன்று சாகிறது. அடுத்த சினைக்காவது பாலினம் பிரித்த உறைவிந்து போடச் சொல்லிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கிடேரிதான் பிறக்கும். பிறந்துவிட்ட காளைக் கன்றை முதல் 3 மாதமாவது ஒழுங்காக வளர்த்தால் வளர்க்கிறவர் யாராவது வாங்குவார். நோஞ்சானாக்கிவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகைகூடத் திரும்பாது.

பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி?

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழ்த்தாடையில் மட்டும் 8. எல்லாம் பால்பல்லாக இருந்தால் 2 வயதுக்குள். நடுவில் 2 பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் இரண்டு, இரண்டரை வயது. 4 பல் என்றால் 3 வயது சுமார், 6 பல் என்றால் நாலுக்குக் கொஞ்சம் முன்பின். 8ம் சேர்ந்துவிட்டால் ஐந்தை நெருங்குகிறது, அதைத்தான் பல் சேர்ந்த மாடு என்கிறோம். அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பல் குட்டையாகி, இடைவெளி விழுந்து, குச்சி நட்ட மாதிரி இருந்தால் 10ஐத் தாண்டிவிட்டது.

உவர்ப் புல்லும் மணலும் மேய்ந்த மாட்டுக்குப் பல் சீக்கிரம் தேயும். கடற்கரைப் பக்கத்து மாட்டை உள்நாட்டு வியாபாரி பார்த்தால் ஒன்றிரண்டு வயது கூட்டிச் சொல்வான். கருவூட்டல் அட்டை, காதில் போட்ட 12 இலக்கத் தோடு ஆகியவற்றின் பதிவு இருந்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

எடை மேடை இல்லாமல் மாட்டின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும், ஆனால் 60 அங்குல டேப் பெரிய மாட்டுக்குப் பத்தாது, இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். மாட்டைச் சமதரையில், நாலு காலும் நேராக, தலை நிமிர்ந்து நிற்க வையுங்கள். முன்னங்காலுக்குச் சற்றே பின்னால், திமிலுக்குப் பின்புறமாக டேப்பைச் சுற்றுங்கள். இதுதான் மார்புச் சுற்றளவு. அப்புறம் முன்தோளின் முனை எலும்பிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் புடைத்திருக்கும் எலும்பு வரை நேராக அளந்தால் உடல் நீளம்.

சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். அங்குலத்தில் அளந்தால் மட்டுமே 660. சென்டிமீட்டரில் அளந்தால் 10,840ஆல் வகுக்க வேண்டும்.

சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 × 60 × 50 = 1,80,000. அதை 660ஆல் வகுத்தால் 273 கிலோ.

டேப்பைத் தொளதொளவென்று பிடித்து 62 என்று படித்தால் 291 கிலோ ஆகிவிடும். 2 அங்குலத் தவறு 18 கிலோவைக் கூட்டிவிடுகிறது. அதனால் 3 தடவை அளந்து நடுவானதை எடுங்கள். மூச்சை வெளியே விட்ட நேரத்தில் படியுங்கள். எப்படி அளந்தாலும் 100க்கு 10 முன்பின் வரும். அது பரவாயில்லை, கண்ணால் போடும் மதிப்பு 100க்கு 30 தப்பும், அதுவும் எப்போதும் விற்கிறவருக்குப் பாதகமாகவே தப்பும்.

எடை தெரிந்துவிட்டது. விலை எவ்வளவு கேட்கலாம்?

உயிர் எடையில் கறியாக மிஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் வியாபாரம் நடக்கிறது. தோல், தலை, குடல், கால் போக மிஞ்சுவது, எலும்பு தெரியும் கிழமாட்டில் 100க்கு 40லிருந்து 45 வரை. நல்ல உடம்போடு இருக்கும் காளையில் 50ஐத் தொடும். எருமையில் தோலும் தலையும் கனமானதால் கொஞ்சம் குறையும்.

மேலே அளந்த 273 கிலோ ஓய்ந்த உழவு மாட்டையே எடுத்துக்கொள்வோம். 45 வீதம் போட்டால் சுமார் 123 கிலோ. உங்கள் ஊர்க் கடையில் கறி கிலோ 300 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 36,900. இதில் வண்டி வாடகை, தரகு, சந்தைச் சுங்கம், அறுப்புக் கூலி, கடைக்காரர் லாபம், வழியில் மாடு இளைப்பது எல்லாம் உண்டு. தோலும் குடலும் விற்கும் காசு அவர்களுக்கு வரவு. 100க்கு 30 அவர்களுக்குப் போகட்டும் என்று விட்டால் உங்களுக்கு 25,800 வர வேண்டும். 300க்குப் பதில் அன்றைய உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வியாபாரி 16,000 என்று ஆரம்பித்தால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடலாம். 24,000 கேட்டால் உட்காரவைத்து டீ கொடுக்கலாம். நீங்கள் 35,000 கேட்டால் அவர் சிரிப்பார், அதிலும் நியாயம் இருக்கிறது.

"வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருக்கு" என்று கழிக்கிறார்களே?

பாதி உண்மை. நெல் மில் எடை மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் சிலர் உப்புப் போட்ட தவிட்டுத் தண்ணீரை வயிறு புடைக்கக் காட்டுவார்கள். 15, 20 கிலோ ஏறும். வியாபாரி முட்டாள் இல்லை, விலாவில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தாலே தெரிந்துகொள்வார். அப்புறம் உங்கள் பேச்சு எதையும் நம்ப மாட்டார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு, காலைத் தீனிக்கு முன்னால் அளப்பது நல்லது.

எடை மேடையில் ஏற்றினால் மாட்டோடு வண்டியை ஒரு தடவை, வெறும் வண்டியை ஒரு தடவை போடுங்கள். இரண்டு தடவையும் டிரைவர் உள்ளே இருந்தாரா என்று பாருங்கள். நெல் லாரிக்கான மேடைகள் 5 கிலோ, 10 கிலோ என்று தாவித்தாவிக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

விற்பதற்கு முன் 2 மாதம் நன்றாகப் போட்டுத் தேற்றினால் லாபமா?

தீனி வீட்டில் இருந்தால் லாபம், எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினால் சந்தேகம்.

அதே 273 கிலோ மாடு நாளுக்கு அரைக் கிலோ ஏறினால் 60 நாளில் 303 கிலோ. உடம்பு தேறியதால் கறி வீதம் 45லிருந்து 48 ஆகிறது, அதாவது 145 கிலோ. அதே கணக்கில் உங்கள் பங்கு 30,450. கூடுதல் 4,600 சொச்சம். நாளுக்கு 2 கிலோ தவிடும் புண்ணாக்கும் கலந்து 50 ரூபாய் என்றால் 60 நாளுக்கு 3,000. மிச்சம் 1,600, நீங்கள் பாடுபட்ட கூலியும் அதற்குள்தான். எடை ஏறும் என்று சொல்லிவிட்டேன், ஏறாமலும் போகும். பெரும்பாலும் ஏறாததற்குக் காரணம் பூச்சி.

டெல்டாவில் வாய்க்கால் ஓரத்து நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு வரும். எவ்வளவு போட்டாலும் தேறாமல், தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோர்த்துத் தொங்கினால் பெரும்பாலும் அதுதான். குடற்புழு மருந்து என்று கடையில் கேட்டு வாங்கும் சாதாரண மாத்திரைக்கு இது அசையாது. சாணத்தை மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்து, ஆக்ஸிக்ளோசனைடு மாதிரித் தட்டைப்புழுவுக்கான மருந்து எழுதி வாங்குங்கள். 60 நாளின் முதல் வேலை இது.

வைக்கோலைத் தேற்ற யூரியா போடலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50லிருந்து 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் போகாமல் தார்ப்பாயில் 21 நாள் மூட வேண்டும். திறந்தால் கண் எரியும் வாடை வரும், ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நேராகக் குடிக்கக் காட்டி மாட்டைக் கொன்றவர்கள் உண்டு.

எந்த மாதத்தில் விற்பது?

எல்லாரும் விற்காத மாதத்தில். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவைக்கு விதை, உழவு, நடவுக் கூலி என்று காசு வேண்டும், அதே நேரம் பள்ளிக்கூடமும் திறக்கும். ஊரே மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் வைக்கோல் நனைந்து, கொட்டகை சேறாகி, மறுபடி ஒரு கூட்டம் விற்கும். புரட்டாசியில் கறிக் கடைகளே மந்தம்.

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் புது வைக்கோல் இருக்கிறது, உளுந்து விதைக்காத வயலில் மேய்ச்சலும் கிடைக்கும். அப்போது மாடு உடம்பு பிடிக்கும், உங்களுக்கும் அவசரம் இருக்காது. பக்ரீதுக்கு 3, 4 வாரம் முன்பு கிராக்கி ஏறும். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் தள்ளிவரும், 2025இல் ஜூன் 7 அன்று வந்தது. நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப் இல்லாமல் அவசரத்தில் விற்ற கதை இதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்து போன நாலாம் நாள், எங்கள் கொட்டகைக் கூரை அடுத்தவர் குளத்தில் மிதந்துகொண்டிருந்தது. விழுந்துகிடந்த தென்னை மரத்தில் ஜோடி மாட்டைக் கட்டியிருந்தோம். வைக்கோல் போர் முழுக்க நனைந்து புழுங்கி நாறியது. வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். பல்லைக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பு எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார், இரண்டு மாட்டுக்கும் ஒரே விலை சொன்னார், அப்பா தலையை ஆட்டினார். ஒரு மாடு மற்றதைவிட நிச்சயம் 40, 50 கிலோ அதிகம். டேப் வாங்கியது போக, பிறகு நாங்கள் செய்த ஒரே மாற்றம், 2 மாட்டுக்கு 10 நாள் தாங்கும் அளவு வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு மேட்டில் வைத்திருப்பது. அந்த 10 நாள் கையில் இருந்தால் வருகிற முதல் ஆளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சந்தைக்குக் கொண்டுபோவதா, வாசலிலேயே கொடுப்பதா?

ஒரு மாடு என்றால் வாசலில், ஆனால் குறைந்தது 3 பேரிடம் கேட்டு. முதல் ஆள் சொன்ன விலையை இரண்டாம் ஆளிடம் சொல்லாதீர்கள், அவர்கள் ஒரே வண்டியில் வந்தவர்களாகவும் இருக்கலாம். 3, 4 மாடு என்றால் சேர்ந்து ஒரு வண்டி பிடித்துச் சந்தைக்குப் போகலாம். மணப்பாறைச் சந்தை செவ்வாய் மாலை தொடங்கிப் புதன்கிழமை நடக்கும், ஈரோடு கருங்கல்பாளையம் வியாழன். போவதற்கு முன்னால் ஒருமுறை வெறுங்கையோடு போய் வேடிக்கை பாருங்கள்.

சந்தையில் தரகர் உங்கள் கையைப் பிடித்துத் துண்டால் மூடுவார். உள்ளே விரல்களை அமுக்கி விலை சொல்வார். 2 விரலைச் சேர்த்துப் பிடித்தால் 2. அது ஆயிரமா, பத்தாயிரமா என்று வாயால் ஒரு சொல் சொல்வார், அல்லது சொல்லாமல் விடுவார். புரியாத தலையாட்டல் அங்கே ஒப்புதல் ஆகிவிடும். துண்டுக்குள் விரல் கொடுப்பதற்கு முன்பே "எத்தனை ஆயிரம்னு வாயால சொல்லுங்கண்ணே" என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தரகு யார் கொடுப்பது, எவ்வளவு என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். இரண்டு பக்கமும் வாங்குகிற தரகர்தான் அதிகம்.

சுழி சரியில்லை என்று விலையைக் குறைக்கிறார்கள். என்ன செய்வது?

சுழி என்பது மாட்டின் உடம்பில் முடி சுழன்றிருக்கும் இடம். வளர்க்க வாங்குகிறவருக்கு அது முக்கியமாக இருக்கலாம், அவர் நம்பிக்கை அவருக்கு. எடைக்கு வாங்குகிறவர் சுழி பேசினால், மாட்டில் வேறு குறை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

வற்றிய பசுவை என்ன விலைக்குக் கொடுக்கலாம்?

பசுவை எடைக் கணக்கில் யோசிக்கவே யோசிக்காதீர்கள். சட்டப்படியும் அதற்கு இடமில்லை, கணக்குப்படியும் நஷ்டம். வற்றிய பசுவுக்குச் சினை பார்த்து, 6, 7 மாதம் என்று உறுதியான பிறகு விற்றால், பால் மாடு தேடுகிறவர்கள் எடை மதிப்பைப்போல ஒன்றரை, இரண்டு பங்கு கொடுப்பார்கள். மருத்துவர் கையால் பார்த்துச் சொன்னதையும் கருவூட்டல் தேதியையும் அட்டையில் எழுதி வாங்கி வைத்திருங்கள். வாய்ச்சொல்லாக "ஏழு மாசம்" என்றால் வாங்குகிறவர் நான்காகக் கணக்குப் போடுவார்.

பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத பசு இருந்தால், கழிப்பதற்கு முன்னால் ஒருமுறை நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டுக்கு வர ஆள் வேண்டும் என்றால் 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். தாது உப்புக் குறையால் சினை நிற்காத பசுக்களை ஓய்ந்ததென்று கொடுத்துவிட்டவர்கள் ஏராளம்.

வண்டியில் ஏற்றும்போது போலீஸ் பிடிக்குமா? என்ன காகிதம் வேண்டும்?

விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதி உண்டு என்ற மருத்துவர் சான்று வேண்டும். சாதாரண லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கூடவே ஓர் ஆள் போக வேண்டும். ஏற்றுவது வியாபாரியின் பொறுப்பு என்றாலும், காதுத் தோடு உங்கள் பெயரில் இருப்பதால் கேள்வி உங்களிடமும் வரும். விற்ற ரசீதின் ஒரு படி உங்கள் கையில் இருக்கட்டும். தோடு எண், தேதி, தொகை, வாங்கியவர் கையெழுத்து, வண்டி எண் ஆகியவை இருந்தால் போதும். மாட்டைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்ததே?

2017 மே மாதம் மத்திய அரசு அப்படி விதி கொண்டுவந்தது. அதே மாதம் 30ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்த விதியைக் காட்டி யாராவது "சந்தைக்குக் கொண்டுபோனா கேஸு" என்று மிரட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நம்பாதீர்கள். மேலே சொன்ன 1958 சட்டம்தான் நம்மைக் கட்டுவது.

ஊசி போட்ட மாட்டை விற்கலாமா?

ஆண்டிபயாடிக் போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் கழியும் வரை கறிக்குப் போகும் மாட்டை விற்காதீர்கள். மருந்துப் புட்டியிலேயே நாள் எழுதியிருக்கும். திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ கருஞ்சிவப்பு ரத்தம் உறையாமல் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். "பாதி விலைக்கு எடுத்துக்கறேன்" என்று அப்போது வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள்.

பணம் எப்போது வாங்குவது?

மாடு வண்டியில் ஏறுவதற்கு முன்னால், முழுவதும். 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து "வியாழக்கிழமை வந்து ஓட்டிக்கிறேன்" என்பார்கள். வியாழக்கிழமை வந்து, மாடு இளைத்துவிட்டது, சந்தை இறங்கிவிட்டது என்று 2,000 குறைப்பார்கள். அட்வான்ஸ் வாங்கினால், அந்த நாளில் வராவிட்டால் அட்வான்ஸ் போச்சு என்று ரசீதிலேயே எழுதிவிடுங்கள். போனில் பணம் போட்டதாக ஸ்கிரீனைக் காட்டினால், உங்கள் போனில் மெசேஜ் வரும் வரை கயிற்றை விடாதீர்கள்.

கயிறு என்றதும் இன்னொன்று. எங்கள் வீட்டில் விற்ற மாட்டின் மூக்கணாங்கயிற்றையும் கழுத்துக் கயிற்றையும் கொடுப்பதில்லை. வியாபாரி தன் கயிற்றைக் கட்டிய பிறகு எங்களுடையதை அவிழ்த்துக்கொள்வோம். அம்மா அதைக் கொட்டகைத் தூணில் மாட்டிவைப்பார், அடுத்த கன்றுக்கு ஆகும்.